நாற்பத்தொரு வரி

1. போன வருஷம் மாவட்டப் பெண்கள் செஸ் தேர்வுப் போட்டியில் மூன்றாவதாக வந்தேன். மாநிலப் போட்டிக்கு இரண்டு பேர்தான் போகலாம்.

2. இரண்டாவதாக வந்தவள் என் தோழி. தென்காசியில் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறாள். இந்த வருஷமும் ஆடுகிறாள்.

3. இந்த வருஷப் போட்டிக்கு ஒரு மாதம் இருந்தபோது, கருப்புக் காயில் ஆட எந்த ஓப்பனிங்கை, அதாவது முதல் சில நகர்த்தல்களின் வரிசையை, படிக்கலாம் என்று பட்டியல் போட ஆரம்பித்தேன்.

4. பதினெட்டு நாள் போனது. பட்டியல் நாற்பத்தொரு வரி ஆனது. ஒன்றையும் படிக்கவில்லை.

மேலகரத்தில் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்க்கிறேன். புரோகிராம் பிரிந்து போகிற எந்தக் கிளையையும் சோதிக்காமல் விடக் கூடாது என்பது வேலையில் பழகிய புத்தி. ஒவ்வொரு வரிக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு கொடுத்தேன். காலையில் பச்சையாக இருந்தது மத்தியானம் மஞ்சளானது. வெளியே சாரல், அருவிக்குப் போகிற வண்டிகளின் ஹார்ன். எழுந்து டீ போட்டு, குடிக்க மறந்து, மறுபடி பட்டியலுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போனேன். ஈரத்தலையோடு வருகிறவர்களுக்கு ஜலதோஷ மாத்திரை கொடுத்தபடியே கல்லாவுக்குப் பக்கத்தில் போர்டை விரித்தாள்.

“இன்னைக்கு என்னட்டி ஆடப்போற?”

“சிசிலியன் பாக்கலாம்னு.”

“போன வாரம் பிரெஞ்சுன்ன. ஏட்டி, நீ செஸ் ஆடுதியா, பொண்ணு பாக்கப் போறியா? எல்லா வீட்டுலயும் கேசரி பஜ்ஜியத் தின்னுட்டு, யோசிச்சுச் சொல்லுதேன்னுட்டு வார!”

என் பையிலிருந்து பழைய ஆட்டங்களின் நகர்த்தல்களை எழுதிய கார்பன் தாள்களை அவளே எடுத்துப் பார்த்தாள். கருப்பில் ஆடிய ஒன்பது ஆட்டங்களிலும் நான் காரோ-கான் என்ற ஓப்பனிங்தான் ஆடியிருந்தேன். ஆறில் எதிராளி மூன்றாவது நகர்த்தலிலேயே சிப்பாயை வெட்டியிருந்தாள். அந்த வரி என் பட்டியலில் இல்லை. கம்ப்யூட்டர் இரு பக்கமும் சமம் என்று காட்டியதால், ஆபத்தில்லை என்று முதல் நாளே நீக்கியிருந்தேன்.

“நம்ம பக்கம் எல்லாவளும் அங்கனதான் வெட்டுதாளுவ. போன வருஷம் கடைசி ரவுண்டுல நானும் வெட்டித்தான ஒன்ன ஜெயிச்சேன்.”

“அத எங்கிட்ட ஏன் சொல்லுத?”

“சொல்லாட்டா ஓம் பட்டியல இன்னும் பன்னெண்டு நாளு நான்லா கேக்கணும்.”

அந்தப் பன்னிரண்டில் இப்போது பத்து நாள் மீதி. புதுப் பட்டியலில் ஒரே வரி: காரோ-கான், மூன்றாவது நகர்த்தலில் வெட்டினால். அதைத்தான் படிக்கிறேன் என்று அவளுக்கும் தெரியும். பழைய பட்டியல் ஃபைலை அழிக்கவில்லை. இன்று காலை இரண்டு முறை திறந்தேன். எதையும் சேர்க்கவில்லை.