லஸ்கர் நேசையா கொட்டிய வாளி

ஒன்பது வருஷமாகப் பிச்சைக்கண்ணுவுக்கு அணைக்கட்டில் ஷட்டர் திறந்து மூடும் லஸ்கர் நேசையா மேல் தீராத கடுப்பு. முக்கால் வாளி மீனை அந்த மனுஷன் பிடுங்கித் தலைகீழாக ஆற்றில் கொட்டினார். பெண்டாட்டி பார்க்க, ஐந்து வயது மகள் பார்க்க, குளிக்க வந்த ஊரே பார்க்கக் கொட்டினார்.

பிச்சைக்கண்ணு சேரன்மகாதேவி ரோட்டில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன். ஞாயிறு மட்டும் கடை கிடையாது. அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குடும்பத்தோடு மீன் பிடிக்கப் போயிருந்தான். தூண்டில் போடத் தெரியாது. வீட்டிலிருந்த கொசுவலையை எடுத்துப் போய், ஒரு முனையை அவனும் மறுமுனையைப் பெண்டாட்டி முத்துராணியும் பிடித்து ஓரத் தண்ணீரை அரித்தார்கள். சிக்கியதெல்லாம் விரல் நீளம்கூட இல்லாத பொடிகள்.

“நேத்துப் பொரிச்ச குஞ்சையெல்லாம் அள்ளிட்டுப் போறீரே, வெக்கமா இல்லையாவே?” என்றுதான் நேசையா வாளியில் கை வைத்தார்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பான். மத்தியானச் சாப்பாட்டுக்குச் சகலை பெருமாள்ராஜைக் கூப்பிட்டிருந்தான், ஆற்றுமீன் குழம்பு என்று சொல்லி. வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முடியாமல், வழியில் உவரிக் கடற்கரையிலிருந்து வந்த மீன்கூடையில் சாளை வாங்கிக்கொண்டு போனான். பெருமாள்ராஜ் ஒரு வாய் வைத்தார்.

“சகல, தாமிரவருணியில எப்பவே உப்புத்தண்ணி ஏறுச்சு?”

அன்றிலிருந்து கல்யாணவீடானாலும் சரி, துட்டிவீடானாலும் சரி, பத்துப் பேர் நடுவே, “ஆத்துல சாளை படுதா சகல?” என்று ஆரம்பித்துவிடுவார். பிச்சைக்கண்ணு பல்லைக் கடித்துக்கொண்டு நேசையாவை நினைத்துக்கொள்வான்.

இந்தப் பங்குனியில் பெருமாள்ராஜ் மறுபடியும் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். மகள் கலைச்செல்விக்கு இப்போது பதினாலு வயது.

“பெரியப்பா இலையில நாம பிடிச்ச மீன் ஒண்ணாவது விழணும்ப்பா” என்றாள்.

டவுனில் இரண்டு தூண்டில் வாங்கினான். ஞாயிறு விடிந்ததும் மூன்று பேரும் அணைக்கட்டுக்குப் போனார்கள். அதே நேசையா. தலை மட்டும் வெளுத்திருந்தது.

“கொசுவலை கொண்டாரலையா?”

மறக்கவில்லை மனுஷன். பிச்சைக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. “தூண்டில்தான் அண்ணாச்சி” என்றான், முகத்தைப் பார்க்காமல்.

“அப்பச் சரி. ஷட்டருக்குக் கீழ நிக்கக் கூடாது. விசில் கேட்டா, கம்பு போனாப் போவுதுன்னு மேல ஏறிரணும். எங்க, முள்ளைக் காட்டும்.” வாங்கிப் பார்த்தார். “இதுல ஆட்டுக்கடாயவே தொங்க விடலாமேவே!”

முத்துராணி வாயைப் பொத்திச் சிரித்தாள். நேசையா சட்டைப்பையிலிருந்து சின்ன முள்ளாக இரண்டு எடுத்துக் கட்டிக் கொடுத்தார். அவருடைய வலது ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. ஒரு வெள்ளத்தில் ஷட்டரின் பல்சக்கரம் கடித்தது என்று மகளிடம் சொன்னார். இரைக்குக் கோதுமை மாவை உருட்டிக்கொண்டே மற்றதையும் சொன்னார். முப்பத்தோரு வருஷமாக இந்த ஷட்டரைத்தான் சுற்றுகிறார். வீட்டுக்காரம்மா தவறி நாலு வருஷம். மகள் கோயம்புத்தூரில். இந்த மாசக் கடைசியோடு வேலை முடிகிறது.

“ஜிலேபி மீன் எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க. அது வெளியூர்க்காரன், மத்த மீனோட முட்டையத் தின்னுருவான். கெண்டைக்குஞ்சு மாட்டுனா கையை நனைச்சுட்டுத் தொடணும். காஞ்ச கை பட்டா அதோட வழுவழுப்பு போயிரும், பொழைக்காது.”

ஒன்பது மணிக்குள் கலைச்செல்வி உள்ளங்கை அகலத்தில் நாலு ஜிலேபி பிடித்துவிட்டாள். பிச்சைக்கண்ணுவுக்கு ஒன்றும் இல்லை.

“நாலு மீனு உங்க சகலையோட கடவாய்ப் பல்லுக்குக் காணாது” என்றாள் முத்துராணி.

ரோஷம் வந்து, மண்புழுவைக் கோத்துக் ஆற்றுத்தண்ணீர் கால்வாய்க்குள் திரும்பும் வாய்மடை ஓரம் போட்டான். கம்பு வளைந்தது. இழுத்த இழுப்பில் கரையில் வந்து விழுந்தது முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்.

“யப்பா!” என்று மகள் குதித்தாள். முத்துராணி, “இன்னைக்கு வரட்டும் எங்க அக்கா வீட்டுக்காரரு” என்று முந்தானையை இழுத்துச் செருகினாள்.

நேசையா நடந்து வந்தார். விராலை இழுத்த இடத்தில் தண்ணீர் செக்கச்செவேலென்று கொதித்தது.

“அது என்னப்பா செவப்பா?”

“பிள்ளைங்க” என்றார் நேசையா. அவ்வளவுதான். ஆயிரம் இருக்கும், தாயைத் தேடி மேலும் கீழும் அலைமோதின.

பிச்சைக்கண்ணு லஸ்கரைப் பார்த்தான். அந்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிடுங்கியிருந்தால் நாலு வசவு வைதுவிட்டு வந்திருக்கலாம். இப்போது யாரைத் திட்டுவது? பெருமாள்ராஜின் வாய் கண்முன் வந்து போனது. கையைத் தண்ணீரில் முக்கி, முள்ளை மெள்ளக் கழற்றி, விராலைச் செவப்புக்கு நடுவே விட்டான்.

“கிறுக்கா பிடிச்சிருக்கு உங்களுக்கு?” என்றாள் முத்துராணி. நாலு ஜிலேபியையும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மத்தியானம் ஆளுக்கொரு ஜிலேபி. பெருமாள்ராஜ் இலையை உற்றுப் பார்த்தார். “சகல, இது மீனா, மீனோட போட்டோவா?”

“நான் பிடிச்சது பெரியப்பா. முள்ளு பாத்துத் தின்னுங்க” என்றாள் கலைச்செல்வி. அவர் தின்றார். இன்னொன்று இருக்கிறதா என்றும் கேட்டார். பிச்சைக்கண்ணு தன் இலையில் கிடந்ததைத் தூக்கி அவருக்கு வைத்துவிட்டு, வெறும் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டான்.

மாசக் கடைசியில் நேசையா பஞ்சர் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மறுநாள் விடியக்காலம் கோயம்புத்தூருக்குப் பஸ். அதற்கப்புறம் பிச்சைக்கண்ணு அவரைப் பார்க்கவில்லை. இரண்டு மாசத்தில் அங்கேயே இறந்துபோனதாகத் தகவல் வந்தது. அன்றைக்குக் கடை வாசலில் நின்றபடி கடைசியாக அவர் வைத்துவிட்டுப் போன வேலை இதுதான்:

“திங்கக்கிழம கால்வாய அடைக்காவ. தண்ணி வத்துனா வாய்மடைப் பள்ளத்துல கெடக்குற மீனெல்லாம் மாட்டிக்கிடும். வருஷா வருஷம் நான்தான் அள்ளி ஆத்துல விடுவேன். புதுசா வாரவனுக்கு ஒண்ணும் தெரியாது. மூணாம் நாள் காலையில ரெண்டு குடமும் ஈரச்சாக்கும் எடுத்துக்கிட்டு, மகளையும் கூட்டிட்டுப் போயி அள்ளி விட்டுரும். கொக்கு வந்து எறங்குறதுக்கு முன்ன போயிரணும், கேட்டீரா?”