கீரித் தம்பி

அவரை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னிடம் நியாயம் பேச வரக்கூடாது. அவர் என்றால் என் வீட்டுக்காரரின் அண்ணன். எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் காயில் கட்டுவது தொழில், அதனால் தெருவில் காயில்காரர். கடையில் குனிந்த தலை நிமிராமல் செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருப்பார். யார் என்ன கேட்டாலும் ஒரு "ம்", ஒரு "நாளைக்கு". அதோடு வியாபாரம் முடிந்தது. இப்படிப்பட்டவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மாமியார் போன பிறகு வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பினார்கள். கொல்லையில் நின்ற கொய்யா மரம் எங்கள் பாகத்துக்கு வந்தது. வௌவால் கடித்த பழமெல்லாம் காயப்போட்ட துணியில் விழும். கம்பளிப்பூச்சி பிள்ளைகள் கழுத்தில் ஊரும். வெட்டினோம், சிமெண்ட் போட்டோம். எங்கள் மரம், எங்கள் இஷ்டம். அதன் பொந்தில் மைனாக் குஞ்சுகள் இருந்தனவாம். அன்றோடு அவர் தம்பியிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

நிறுத்தியவர் சும்மா இருந்தாரா? தன் பாகத்தைக் காடாக்க ஆரம்பித்தார். உடைந்த வாஷ்பேசினை மண்ணில் புதைத்துத் தண்ணீர் ஊற்றினார். காய்ந்த கிளைகளை ஒரு மூலையில் குவித்து, அதில் யாரும் கை வைக்கக்கூடாது என்றார். உள்ளே ஒன்றுமில்லாத மோட்டார் கூடுகளைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார், குருவிக்கு வீடாம். எலுமிச்சைச் செடியைப் புழு மொட்டையடித்தாலும் மருந்தடிக்க மாட்டார், அந்தப் புழுதான் நாளைக்குப் பட்டாம்பூச்சியாம். குருவி வந்தது, அணில் வந்தது. தண்ணீருக்குத் தவளை வந்தது, தவளைக்குப் பாம்பு வந்தது. வந்த பாம்பு குளிர் காய என் சிமெண்ட் தரைக்கு வந்தது. பட்டாம்பூச்சி அவருக்கு, பாம்பு எனக்கு. கடைசியில் ஒரு கீரியும் வந்து சேர்ந்தது. அண்ணன் தம்பி இரண்டு பேரையும் கீரியும் பாம்பும் என்று தெருவில் சொல்வார்கள். இப்போது நிஜமாகவே இரண்டும் குடிவந்துவிட்டன.

பேச்சு நின்றதே தவிர, ஜாடை நிற்கவில்லை. நான் துணி துவைக்கும்போது வாளியைப் பார்த்து, சில பேருக்கு வீடு எதற்கு, மிருகக்காட்சி சாலையிலேயே போய்ப் படுத்துக்கொள்ளலாமே என்பேன். அவர் அந்தப் பக்கம் அணிலைப் பார்த்து, மரத்தை வெட்டியவர்கள் வெயிலைத் திட்டக்கூடாது என்பார். எல்லாம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேரும். ஆனால் அவர் ஜாடை முழுவதும் எனக்குத்தான். தம்பிக்கென்று ஒரு வார்த்தை விழுந்ததில்லை.

என் வீட்டுக்காரர் அதற்காகத்தான் தினமும் காலையில் பேப்பரோடு கொல்லைப் படியில் உட்காருவார். திட்டியாவது ஒரு ஜாடை வராதா என்று. அப்பா இல்லாத வீட்டில் இவரைப் படிக்க வைத்தவர் அவர்தான், அதை நான் மறுக்கவில்லை. அண்ணன் பேச வேண்டும். இவருக்கு வேறு எந்த ஆசையும் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"தம்பி, ஏன்டா அங்கயே நிக்கற? பயப்படாத. வாடா, வந்து சாப்பிடு."

இவர் என்னைப் பார்த்தார். ஜாடைதான் என்று எனக்கும் தோன்றியது. இத்தனை வருடம் அந்தச் சுவரைத் தாண்டி வந்ததெல்லாம் அதுதானே. சட்டையைத் தப்புப் பொத்தானில் மாட்டிக்கொண்டு, பக்கத்துச் சந்து வழியாக அவருடைய கொல்லைக் கதவுக்கு ஓடினார். நான் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஏறி எட்டிப் பார்த்தேன்.

ஒரு தட்டில் அவித்த முட்டை. காய்ந்த கிளைக் குவியலின் ஓரத்தில் கீரி. அவர் அதன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். இவர் கதவைத் திறந்து, வந்துட்டேண்ணே என்றதும் கீரி பாய்ந்து மறைந்துவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மெதுவாக எழுந்து நின்றார்.

"வாங்க," என்றார். "என்ன வேணும்?"

எதற்குடா வந்தாய் என்று கேட்டிருக்கலாம். கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம், இவர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பார். பிறந்த நாளிலிருந்து டா போட்ட தம்பிக்கு, வாங்க. அந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரமே இல்லை.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இவர் திரும்பி வந்தார். தெருவே கேட்கும்படி நாலு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். இவர் என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"சத்தம் போடாத," என்றார். "முட்டை அப்படியே கிடக்கு. அந்தத் தம்பியாவது திரும்பி வரட்டும்."