எலி கடிக்காத பாவு

ஒற்றைத் தறி வீட்டில் பிறந்து பன்னிரண்டு தறி போட்டவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதுவும் பாதி. கூரை இருந்த இடத்தில் மூன்று மாடி எழுப்பினேன். பக்கத்து மனை இரண்டையும் வாங்கி வளைத்தேன். பின்னால் பாம்பும் கீரியும் குடியிருந்த கருவேலங்காட்டை வேரோடு பிடுங்கி விசைத்தறிக் கொட்டகை போட்டேன். ஆரணியில் உன்னால் ஆகாது என்று சிரித்தவர்களில் இரண்டு பேர் பிற்பாடு என்னிடமே கூலிக்கு நெய்தார்கள். இதையெல்லாம்விட நான் கட்டிய பெரிய விஷயம் என் குடும்பம். மூன்று பிள்ளைகள், இரண்டு மருமகள்கள், பேரப் பிள்ளைகள், எல்லாருக்கும் ஒரே அடுப்பு. எங்கள் தெருவில் பாகம் பிரியாத வீடு இது ஒன்றுதான்.

மூன்று பிள்ளைக்கு ஏன் இரண்டு மருமகள் என்று கேட்பீர்கள். நடுப்பிள்ளைக்கு ஆகவில்லை. முப்பத்தாறு முடிந்துவிட்டது. வீடு கட்டும்போது ஒரு வரன் வந்தது, கட்டி முடியட்டும் என்றேன். அவன் அண்ணன் பெண்ணுக்குச் சடங்கு வைத்த வருஷம் இன்னொன்று வந்தது, அடுத்த ஆவணியில் பார்க்கலாம் என்றேன். ஆவணிகள் வந்தன, போயின. தறியில் அவன் கையைப் போல் ஒரு கை இந்த வீட்டில் இல்லை. அண்ணன் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்ததும் அவன்தான்.

கொல்லையில் நான் விட்டுவைத்தது ஒரே ஒரு புங்க மரம். அதில் தவிட்டுக் குருவிக் கூட்டம் ஒன்று இருக்கிறது. காலையில் டீ குடித்துக்கொண்டு அதைப் பார்ப்பது எனக்கு வழக்கம். போன வருஷத்துக் குஞ்சு, அதற்கு முந்தின வருஷத்துக் குஞ்சு, ஒன்றும் வெளியே போகாது. வளர்ந்தும் தனிக்கூடு கட்டாமல், தாய் புதிதாகப் பொரித்ததற்குப் புழு கொண்டுவந்து ஊட்டும். அதில் ஒன்றுக்கு இடது கால் நொண்டி. மூன்று வருஷமாக அது அடுத்த குஞ்சுகளுக்கே ஊட்டிக்கொண்டிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். "பாத்தீங்களா, பட்சிக்கே பாசம் தெரியுது."

ஒருநாள் பெரியவன் மகள், காலேஜில் விலங்கியல் படிக்கிறவள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "பாசம்னு யாரு சொன்னாங்க தாத்தா?"

"கண்ணு இருக்குதே, பாத்துகினுதான இருக்கறேன்."

"எங்க க்ளாஸ்ல சொன்னாங்க. நல்ல இடமெல்லாம் நெறைஞ்சு போச்சுன்னா வளந்தது பொறந்த எடத்துலயே தங்கிடுமாம். வெளிய காலி எடம் கெடைச்சா கெளம்பிடுமாம். சின்ன வயசுல நான் பாத்தப்ப இங்க ரெண்டு கூட்டம் இருந்துச்சு. அந்த முள்ளுக்காட்ட நீங்கதான வெட்டனீங்க?"

நான் டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "போம்மா, போய்ப் படி" என்றேன். அதற்கப்புறம் வருகிறவர்களுக்கு அந்த மரத்தைக் காட்டுவதை விட்டுவிட்டேன். நொண்டி மட்டும் தினமும் மதில்மேல் தனியாக வந்து உட்கார்ந்து கொட்டகைத் தகரத்தைத் தாண்டிப் பார்த்தது. ஒருநாள் அந்தப் பக்கம் பறந்தே போனது. சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. எனக்கு அவ்வளவு நிம்மதி.

அதே மாசம் வீட்டுக்குள் நடுப்பிள்ளையின் கைத்தறிச் சத்தம் மத்தியானங்களில் நிற்க ஆரம்பித்தது. பிறகு தெரிந்தது, பஸ் ஏறித் தேவிகாபுரம் போய்வருகிறான் என்று. அங்கே ஒரு பெண்ணை அவனாகவே பேசி வைத்திருக்கிறான். கைத்தறி போடக் குழி வெட்டின ஒரு வாடகை வீடும் பார்த்துவிட்டான். வெள்ளையடித்தால் குடிபோகலாம்.

"நைனா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். என் அச்ச மட்டும் எடுத்துகினு போறேன்."

அச்சு என்பது இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு மாதிரி ஒரு சட்டம்; அவன் கேட்டது சின்னதாகத் தெரியும். தறிக்காரனுக்குத்தான் அதன் கனம் தெரியும். பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் ஓடும் இழை, முடியும்போது கடைசி முழத்தை நெய்யாமல் அச்சிலேயே விட்டுவைப்போம். அந்த முனையோடு புதுப் பாவை இழைக்கு இழை பிணைத்தால் வேலை ஓடும். முனை போய்விட்டால் ஆயிரக்கணக்கான இழையை, அதைத் தூக்கி இறக்கும் விழுதிலும் அச்சின் பல்லிலும் ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டும். அதற்கு வீடே கூடி உட்கார வேண்டும். தனியாகப் போகிறவனுக்கு அந்த முனைதான் சீதனம். நான் வளர்ந்த பெரியப்பா வீட்டை விட்டுத் தனியாகக் கிளம்பினபோது, பெரியம்மா அப்படியொரு அச்சைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். ஒருத்தர் தயவும் இல்லாமல் வந்தவன் என்று மேடைமேடையாகப் பேசினபோது அதை நான் சொன்னதில்லை.

மறுநாள் அவன் வெள்ளையடிக்கப் போயிருந்தான். பாவு முடிந்து முனை அச்சில் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லாரும் சாப்பாட்டில் இருந்தார்கள். நான் அவன் தறிக்குழியில் இறங்கினேன். கத்திரி எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாதா.

அவன் திரும்பி வந்தபோது கையெல்லாம் சுண்ணாம்பு. குனிந்து பார்த்தான்.

"யாரு இத வெட்டனது?"

"எலியா இருக்கும்" என்றேன்.

வெட்டின ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தான். "எலி இவ்ளோ நேராவா கடிக்கும், நைனா?"

அதுதான் அவன் என்னை நைனா என்று கூப்பிட்டது கடைசி. பெண் வீட்டில், தறி ஏறுவதற்கு முன்பே பாவு அறுந்தது, சகுனம் சரியில்லை என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நெசவு வீடுகளில் அதைப் பார்ப்பார்கள். குழியில் இறங்கும்போதே அது எனக்குத் தெரியும்.

சில நாள் கழித்து நொண்டியைக் காணோம். இடம் கிடைத்ததோ, வல்லூறு தூக்கியதோ. மற்றதுகள் புழு சுமந்துகொண்டுதான் இருக்கின்றன.

என் பிள்ளை இங்கேயேதான் இருக்கிறான். நெய்கிறான், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறான். ஆனால் இப்போது ஒவ்வொரு பாவு முடிந்ததும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கத்திரியை எடுத்து முனையை ஒட்ட நறுக்குகிறான். பிறகு முதலிலிருந்து கோக்கிறான். வீடே நாள் கணக்கில் அவனோடு உட்காருகிறது. "ஏன்டா இப்படி?" என்று ஒரு தடவை கேட்டேன். என் பக்கம் திரும்பவில்லை. "எலி வரும்" என்றான். கத்திரி எப்போதும் அவன் தொடைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஊரில் அவனைப் புகழ்கிறார்கள். கல்யாணங்கூட வேண்டாமென்று அப்பனை விட்டுப் போகாத பிள்ளையாம், வளர்ந்தால் இப்படி வளரணுமாம். கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை. அவன் நல்ல குணத்தால் இங்கே தங்கவில்லை. போக இருந்த இடத்தை அடைத்தவன் நான். காட்டை வெட்டினதும் நான், பாவை வெட்டினதும் நான். இந்த வீடு பிரியாமல் நிற்கிறது என்று யார் சொன்னாலும், நிறுத்தினது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலி பேரில் போட்டுவிடாதீர்கள்.