நைனாவின் கால் சதை

எங்க நைனாவை உக்கார வச்சே கெடுத்தவன் நான்தான். மூணு வருஷத்துக்கு முன்னாடி ஏரிச் சேத்துல ஒருவாட்டி வழுக்கி விழுந்தாரு. அடி ஒண்ணும் பெருசில்ல. எனக்குத்தான் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. எழுபது தாண்டியாச்சு, இன்னும் இடுப்பளவு தண்ணியில வலையை இழுத்துக்கிட்டு நடக்கறது இன்னாத்துக்குன்னு கத்துனேன். வயசான அப்பனை வேலைக்கு அனுப்பறான்னு ஊரு என்னைத்தானே பேசும்?

எங்க ஏரியில நெனச்ச நாள்ல நெனச்ச எடத்துல வலை வைக்க முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த எடம்னு ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரிக்கும். அந்த உரிமைக்குப் பேரு பாடு. நைனாவோட பாட்டை என் பேருக்கு மாத்திக் குடுன்னு நச்சரிச்சேன். ஊர்க்கூட்டத்துல எழுந்து நின்னு, "இனிமே என் மவன் எறங்குவான், நான் எறங்க மாட்டேன்"னு சொன்னாரு. வந்து பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்தாரு. சோறு, டீ, டி.வி. எல்லாம் அங்கயே. ராஜா மாதிரி வச்சிருக்கேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேன், முட்டாப்பய.

கல்லு மாதிரி இருந்த ஆடுசதை மொதல்ல தொங்கிப் போச்சு. அப்புறம் சாப்பிட்டது மறந்துச்சு. என் சம்சாரம் பேரு மறந்துச்சு. ஆஸ்பத்திரியில டாக்டரம்மா டேப்பால காலைச் சுத்தி அளந்தாங்க. மறதிக்குக் காட்ட வந்தோம், காலை இன்னாத்துக்கு அளக்கறீங்கன்னு எரிஞ்சு விழுந்தேன். வயசானவங்க பலபேருக்குக் கால் சதை கொறையறதும் புத்தி மங்கறதும் சேர்ந்தே வருது, எது எதை இழுக்குதுன்னு உறுதியா சொல்ல முடியாது, முடிஞ்சவரைக்கும் நடக்க விடுங்கன்னாங்க. அன்னிக்கே நடக்க வச்சுப் பார்த்தேன்.

தெருவுல நாலு எட்டு வச்சா நின்னுடறாரு. தண்ணியில எறக்குனா பழகுன காலு தானா நடக்கும்னு நானும் சம்சாரமும் ஆளுக்கொரு கையப் புடிச்சுக் கரைக்குக் கூட்டிப் போனோம். ஏரியப் பார்த்ததும் அவரு மூஞ்சி மலர்ந்துச்சு. காலைத் தண்ணிகிட்ட கொண்டு போனவரு சடார்னு இழுத்துக்கிட்டாரு.

"எனக்குப் பாடு இல்ல, தம்பி."

என்னைத்தான் தம்பின்னாரு.

"சும்மா நடக்கத்தானே நைனா. வலைகூட இல்ல பாரு."

"ஊர்ல வாக்குக் குடுத்துட்டேன். பாடு என் மவனோடது. அவன் சொன்னா எறங்கறேன்."

"ஐயோ, நான்தான் உன் மவன்! நான் சொல்றேன், எறங்கு நைனா!" கெஞ்சிக் கெஞ்சி எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அவரு என் மூஞ்சியப் பொறுமையா பார்த்தாரு.

"அவன் கோவக்காரன், தம்பி. அவனே வரட்டும்."