எண்ணிய மாத்திரை ஏழு

எனக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு டாக்டர்கள் எழுதிக் கொடுத்த ஏழு மாத்திரைகளையும் தினமும் எண்ணியே விழுங்குவேன். பத்து நாள் ஓயாத தலைசுற்றல். இரண்டு முறை விழுந்தேன்.

பக்கத்து வீட்டு மில் தொழிலாளி சுடலையின் மகள் செல்வி, பிளஸ் டூவில் நர்சிங் பாடம் படிக்கிறாள்; அடுத்து நர்சிங் கல்லூரியில் சேர ஆசை. மாத்திரை அட்டைகளைத் திருப்பிப் பார்த்தவள், "தாத்தா, இந்த ரெண்டும் ஒரே பிரஷர் மருந்து. கம்பெனிதான் வேற. எண்ணத் தெரியுது, வாசிக்கலியே!" என்றாள். டாக்டரிடம் காட்டினேன்; அவரும் ஒன்றை நிறுத்தினார். தலைசுற்றலும் நின்றது.

செல்வியின் கல்லூரிப் பேச்சை எடுத்தால் சுடலையோ, "பிளஸ் டூ போதும் அண்ணாச்சி, மாப்பிள்ளை பாத்தாச்சு" என்றான்.

"ஏலே, என்னைக் காப்பாத்துனவள அடுப்படியில உக்கார வைக்கப் போறியா? நர்சிங் விண்ணப்பத்துல கையெழுத்துப் போடுத வரைக்கும் இங்கனதான் இருப்பேன்."

அவன் வீட்டுத் திண்ணையிலேயே மூன்று மணி நேரம் இருந்தேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டான்.

எங்கள் தெருவில் பிளஸ் டூ பிள்ளைகள் ஒன்பது பேர். வீடு வீடாகப் போய் எந்தக் கல்லூரி என்று கேட்கிறேன். கிழவனுக்கு வேலையில்லை என்கிறார்கள். சொல்லட்டும். இப்போது நான் எண்ணுவது மாத்திரை ஆறு, வீடு ஒன்பது.