அடிமண் இல்லாத சேறு

எங்கள் ஊரில் அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்குவதற்கு முன்னால், யாராவது ஒருவர் குதிங்காலை ஊன்றிப் பார்ப்பார். தண்ணீர் வடிந்து மேல்மண் காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். குதிங்கால் பதியாவிட்டால் இயந்திரம் இறங்கலாம். என் மகள் சிறுவயதிலிருந்தே அவள் அப்பாவோடு போய் இதைச் செய்வாள். அவளுக்கு அது விளையாட்டு.

அவள் மண்ணியல் படித்து, அந்தமானில் சேற்று எரிமலைகளை ஆராயப் போனபோது எனக்கு உறக்கம் போயிற்று. ஓயாமல் போன் செய்து தொல்லை கொடுத்தேன். ஒருநாள் வீடியோ அனுப்பினாள். காட்டு மரங்களுக்கு நடுவே சாம்பல் நிறச் சேறு சிறு மேடாக நின்றது. அதன் உச்சியில் குமிழிகள் ஊதி ஊதி உடைந்தன.

"எம்மா, நெருப்பே கெடையாது. உளுந்தங்களி கிண்டுகது மாதிரி இருக்கு பாத்தியா? தொட்டா குளுந்து கெடக்கும்."

"பின்ன எதுக்குட்டி கொதிக்கு?"

"கொதிக்கல்லம்மா. பூமிக்கு அடியில கேஸ் அடைஞ்சு கெடக்கு. அதுதான் உப்புத் தண்ணியையும் களிமண்ணையும் மேல தள்ளுகு."

அந்தச் சேறு வழிந்த இடத்தில் மண் எப்படி மாறுகிறது, ஓரத்து மரங்கள் ஏன் பட்டுப்போகின்றன, அடுத்த முறை பொங்கினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. விடுமுறைக்கு வந்தவளைப் பக்கத்து வீட்டு மைனி கேலி செய்யாமல் விடவில்லை.

"சேறு பாக்கதுக்கு கப்பல் ஏறிப் போணுமா மக்கா? எங்க வயல்ல இல்லாத சேறா?"

"உங்க சேறு சும்மா கெடக்கு அத்தே. இது மூச்சு விடும்" என்று சொல்லிச் சிரித்தாள்.

அவள் அப்படிச் சிரித்து நான் கடைசியாகக் கேட்டது அன்றுதான்.

திரும்பிப் போன சில வாரங்களில் அது நடந்தது. புதிதாகப் பொங்கிய சேறு மரங்களுக்குள் பரவிக் காய்ந்திருந்தது. அவளும் கூட வேலை செய்பவர்களும் அதன் எல்லையை அளக்கப் போனார்கள். பலகை போட்டு நடக்க வேண்டும் என்பது அவர்களுடைய முறை. பலகை ஒரு இடத்தில் முடிந்தது. மேலே நம் வயலைப் போலவே வெடிப்புகள். அவள் குதிங்காலை ஊன்றிப் பார்த்தாள். பதியவில்லை. இறங்கி நடந்தாள். சற்றுத் தூரத்தில் சேற்றின் காய்ந்த மேல்தோல் உடைந்து இடுப்புவரை உள்ளே போய்விட்டாள். கூட வந்தவர்கள் பலகையில் படுத்துக் கயிறு கட்டி இழுத்தார்கள். ஆள் வந்துவிட்டாள். சேறு கவ்விப் பிடித்த இடது முழங்காலுக்குள் தசைநார் அறுந்து போயிருந்தது.

நம் வயலில் கால் எவ்வளவு புதைந்தாலும் முழங்காலளவில் கெட்டியான அடிமண் தாங்கிக்கொள்ளும். அங்கே அடிமண்ணே இல்லை. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நம்ம வயலுன்னு நெனச்சிட்டேம்மா" என்றாள்.

அறுவைச் சிகிச்சை முடிந்து ஊருக்குக் கூட்டி வந்தோம். இனி அவள் அங்கே போகக் கூடாது என்று பார்க்கிற சாமியிடமெல்லாம் வேண்டினேன். ஆனால் அவள், கால் சரியானதும் கிளம்புவேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டரும் நடக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் எங்கள் வயலை நடவுக்காக உழுது சேறாக்கியிருந்தார்கள். "என்னைக் கூட்டிட்டுப் போம்மா, ஒருக்க எறங்கிப் பாக்கேன்" என்றாள். வரப்பில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பாதத்தை மெல்ல நீட்டினாள். சேற்றின் மேல் ஒரு சாண் உயரத்தில் அது நின்றுவிட்டது.

"இது நம்ம சேறு மக்ளே. ஒண்ணும் செய்யாது."

"தெரியும்மா. எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியல்ல."

நான் முதலில் சேற்றில் இறங்கி நின்று கையை நீட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையை அசைத்தாள். காலை மடக்கி வரப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு அங்கிருந்தே அவளுடைய பேராசிரியருக்குப் போன் செய்தாள். இனி காட்டுக்கு வர இயலாது, மற்றவர்கள் எடுத்து அனுப்பும் மண்ணை ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்று நிதானமாகச் சொன்னாள். நான் கும்பிட்டுக் கேட்டதெல்லாம் அதைத்தான். கேட்டுக்கொண்டு நின்றபோது அவள் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது வாய்க்கால் படியில் நின்றோம். வயலுக்குப் போனவர்கள் கால் கழுவாமல் அந்தப் படி ஏறுவதில்லை. நான் என் காலில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவினேன். அவளும் என் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, துளி சேறு படாத தன் இரண்டு கால்களையும் கழுவினாள்.