மூன்றாவது வரியில் ஒரு மூச்சு

என் அண்ணி நாள் முழுக்க அடுத்தவர் காலைப் பார்த்துப் பிழைப்பவர். செருப்புக் கடையில் குட்டை முக்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களின் பாதத்தை அளவுப் பலகையில் வைத்து, குதிகால் இடிக்கிறதா, சுண்டுவிரல் நசுங்குகிறதா என்று அழுத்திப் பார்ப்பார். தெருவில் யாராவது வணக்கம் சொன்னால் முகம் பிடிபடாமல் விழிப்பார். கண்ணைக் கீழே இறக்கியதும், "அட, நீங்களா! அந்தக் கொப்புளம் ஆறிடுச்சா?" என்பார்.

அப்படிப்பட்டவரிடம்தான் பல் டாக்டர், "காலைப் பாக்கவே கூடாது" என்று சொன்னார்.

பல் டாக்டர் எங்கள் கிறிஸ்தவக் கோவில் பாடகர் குழுவை நடத்துகிறவர். முன்னெல்லாம் ஆர்கனையும் அவரே வாசித்தார். ஆனால் குழுவுக்கு முன்னால் நின்று கையை ஆட்டவும் வேண்டும், முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசிக்கவும் வேண்டும் என்றால் ஓர் ஆள் என்ன செய்வார்? ஆர்மோனியம் வாசித்துப் பழகிய அண்ணியை ஆர்கன் பெஞ்சில் உட்கார வைத்தார். அண்ணியின் கைகள் சீக்கிரம் ஊன்றிக்கொண்டன. கால்களை மட்டும் பெஞ்சுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொள்வார். கீழே வரிசையாகக் கிடந்த, காலால் மிதித்து அடிச்சுரம் எழுப்பும் மரப் பெடல்களைத் தொடமாட்டார். விருந்துக்குப் போன வீட்டில் வீட்டுக்காரர் படுக்கையை மிதித்துவிடாமல் ஒதுங்கி நிற்பதுபோல இருக்கும்.

அப்போது பெடலுக்குத் தேவையும் இல்லை. அண்ணன் இருந்தான்.

குழுவில் அண்ணனுக்குக் கிணறு என்று பெயர். அடியிலிருந்து வருகிற குரல். அவன் பாடும்போது நாங்கள் நின்றிருந்த பலகைத் தளம் உள்ளங்காலில் மெல்ல அதிரும். "கிணறு இருக்கிற வரைக்கும் பெடல் வேண்டாம், கரன்ட் மிச்சம்" என்று பல் டாக்டரே சொல்வார். அண்ணனிடம் ஒரே ஒரு கோளாறு. சிகரெட். ஆராதனை முடிவில் நாங்கள் பாடும் பாட்டில் மூன்றாவது வரி நீளம். எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்துப் போக, அண்ணன் மட்டும் நடுவில் நிறுத்தி, வாளி தண்ணீரில் விழுந்ததுபோல ஒரு மூச்சு இழுப்பான்.

"அங்க மூச்சு எடுக்காதப்பா! வார்த்தை ரெண்டா உடையுது!"

"உடையாம பாடணும்னா நான் உடைஞ்சிடுவேன் டாக்டர்."

திட்டித் திட்டிப் பல் டாக்டர் ஓய்ந்துபோனார். நாளடைவில் அவனுக்குப் பக்கத்தில் நின்றவர்களும் அங்கே மூச்சு எடுக்கத் தொடங்கினார்கள். பின்வரிசையில் நின்ற நானும்தான்.

பிறகு அண்ணன் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்குப் போனான். எங்கள் பாட்டு, மேலே கனம் வைக்காத காகிதம்போலப் படபடத்தது. இரண்டு மூன்று ஞாயிறு பொறுத்துப் பார்த்த பல் டாக்டர், "கிணறு வத்திப் போச்சு. இனி நீங்கதான் காலை இறக்கணும்" என்றார் அண்ணியிடம்.

"எனக்கு ரெண்டு கை சொன்ன பேச்சைக் கேக்கிறதே பெரிசு டாக்டர்" என்று அண்ணி மறுத்துவிட்டார்.

மறுவாரமே சம்மதித்தார். ஏன் என்று எனக்கு உடனே தெரியவில்லை. ஒரு காலை, அடுக்களையில் அவர் ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். இன்னொரு காதுக்கானது தோளில் தொங்கியது. அதிலிருந்து கசிந்த சத்தத்தை அடையாளம் கண்டேன். பழைய ஒத்திகைப் பதிவு. போனை யாரோ அண்ணனின் காலடியில் வைத்துப் பிடித்தது; அதில் நாங்கள் எல்லோரும் பக்கத்து வீட்டில் பாடுவதுபோலவும் அண்ணன் மட்டும் நம் வீட்டில் பாடுவதுபோலவும் கேட்கும். அண்ணியின் வலது பாதம் தரையில் ஓரமாக நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது.

நான் பார்த்ததைப் பார்த்துவிட்டார்.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதே தம்பி. வந்து தானா கேக்கட்டும்." கத்தி ஒரு கணம் நின்றது. "அவர் பாடுறப்போ அடியில நான் இருக்கணும். அவ்வளவுதான்."

மதியம் செருப்புக் கடையைக் கொஞ்ச நேரம் சாத்துவார்கள். அந்த இடைவெளியில் கோவிலுக்கு ஓடுவார். நான் வேலை பார்த்த அச்சகம் எதிர்ச்சாரியில்தான். சாப்பாட்டு டப்பாவோடு கடைசி பெஞ்சில் போய் உட்காருவேன். அங்கிருந்து அண்ணியின் முதுகும், பெஞ்சுக்கு அடியில் கால்களும் மட்டும் தெரியும். முதல் சில நாட்கள் ஒரு கட்டையை மிதிக்கப் போய் இரண்டை மிதித்து, லாரி ரிவர்ஸ் எடுப்பதுபோல ஓர் உறுமல் எழும். "ஐயோ, மன்னிச்சிக்கோங்க" என்பார். காலியான கோவிலில் யாரிடம் கேட்டார் என்று தெரியாது.

அதைவிட வம்பு இடது கையிடம் இருந்தது. இத்தனை வருடமாகத் தாழ்ந்த சுரங்கள் அதன் வேலை. இப்போது கால் அதே வேலைக்கு வந்ததும், புது மருமகளைக் கண்ட மாமியார் மாதிரி, கால் போகும் இடமெல்லாம் கையும் போனது. கால் ஏறினால் கை ஏறும், கால் இறங்கினால் கை இறங்கும். பல் டாக்டர் ஒருநாள் இடைவேளையில் வந்து பார்த்து, இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார்.

"முட்டி ரெண்டும் ஒட்டியே இருக்கட்டும். கால் நுனியும் குதிகாலும் மாறி மாறிப் போகணும். கறுப்புக் கட்டைக்கு நடுவுல இடைவெளி இருக்கு பாருங்க, இல்ல, பாக்காதீங்க, தடவுங்க. உங்க பல்லை எப்படி எண்ணுவீங்க? நாக்காலதானே? கண்ணாடியா கேக்குது நாக்கு?"

"குனிஞ்சே பழகிடுச்சு டாக்டர். காலைக் கண்டா பாக்கணும்னு தோணுது."

"அடுத்தவங்க காலை எவ்வளவு வேணா பாருங்க. உங்க கால் உங்களுக்குத் தெரியும்."

வெறுங்காலில் பெடல் விரலிடுக்கைக் கடித்தது. தோல் அடி வைத்த, குதி கொஞ்சம் உயர்ந்த ஷூ வேண்டுமாம். அண்ணியின் கடையில் ஓர் அட்டைப் பெட்டி உண்டு. ஜோடி பிரிந்தவை கிடக்கும் பெட்டி. ஒற்றை இடது, ஒற்றை வலது, யாரோ ஒன்றை மட்டும் திருடிக்கொண்டு போனதன் மிச்சம். அதைக் கிளறி ஒரு வலதையும் ஓர் இடதையும் எடுத்து வந்தார். இரண்டும் கறுப்பு. ஒன்றில் கொக்கி, ஒன்றில் கொக்கி இல்லை.

"பரவாயில்லையா அண்ணி?"

"பக்கத்துல பக்கத்துல நின்னா ஜோடிதான்" என்றார்.

வீட்டில் அடுக்களைத் தரையில் பெடல் வரிசைபோலச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார். அரிசி களையும்போதும் பால் காயும்போதும் கால் தன்பாட்டில் போய் வந்தது. அம்மா நாலு நாள் பொறுத்தார்.

"ஏம்மா, எறும்பு கிறும்பு ஏறுதா? ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே உன் கால்."

"பாட்டு அத்தை."

அம்மா தண்ணீர்ச் செம்போடு அந்தக் கோடுகளைத் தாண்டிப் போய், திரும்பி நின்று, "இப்போ நான் மிதிச்சது என்ன பாட்டு?" என்று கேட்டார். அண்ணி சிரித்த சிரிப்பில் பால் பொங்கிவிட்டது.

கப்பல் கரை தொடும்போதுதான் அண்ணன் பேசுவான். பேச்சு போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். குரல் மோதிக்கொண்டதும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். "நீங்க சொல்லுங்க." "இல்ல, நீ சொல்லு." இதிலேயே பாதி நேரம் போகும். போன் பிறகு அம்மாவுக்குக் கை மாறும். அப்படி ஒருநாள் அம்மா வாய்கொள்ளாச் சிரிப்போடு அறிவித்தார்: "சிகரெட்டை விட்டுட்டானாம்! எஞ்சின் ரூம்ல பிடிக்க விடமாட்டாங்களாம். ஒரேயடியா விட்டுட்டானாம்." அண்ணி கண்ணை மூடி ஒரு நிமிடம் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து கெஞ்சியது. எங்கள் மூன்று பேருக்கும் அன்று சந்தோஷம் தவிர வேறொன்றும் தோன்றவில்லை.

வருகிறேன் என்ற மாதத்தில் அண்ணன் வரவில்லை. மாற்று ஆள் கிடைக்கவில்லை என்றான். அடுத்த மாதமும் அதுவே. சாக்கட்டிக் கோடுகள் அழிய அழிய அண்ணி மறுபடி போட்டார். பிறகு ஒருநாள் போடவில்லை. இனித் தேவையில்லை என்பது எனக்குப் புரிந்தது. ஞாயிறுகளில் பெடலோடு வாசிக்கத் தொடங்கினார். முதல் ஞாயிறு பலகைத் தளம் உள்ளங்காலில் அதிர்ந்தபோது, எங்கள் வரிசையில் இரண்டு மூன்று பேர் அண்ணன் வழக்கமாக நிற்கும் இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூன்றாவது வரி வந்தது. நடுவில் அண்ணி காலைத் தூக்கினார். ஒரு மூச்சளவு. பிறகு பதித்தார். நாங்கள் எல்லோரும் வசதியாக அங்கே மூச்சு எடுத்துக்கொண்டோம்.

ஆராதனை முடிந்ததும் பல் டாக்டர் நேராகப் பெஞ்சுக்கு வந்தார்.

"எல்லாம் அழகு. அந்த மூணாவது வரியில ஏன் காலைத் தூக்குறீங்க?"

"மூச்சு டாக்டர்."

"யாருக்கு? ஆர்கனுக்கா? அதுக்குக் காத்து ஊதத்தான் பின்னாடி மோட்டார் ஓடுது! அதுக்கு ஏன் மூச்சு முட்டப் போகுது?"

அண்ணி தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்தார். "திருத்திக்கிறேன்" என்றார். திருத்தவில்லை. அடுத்த ஞாயிறும் அதே இடத்தில் கால் எழுந்தது. பதிவைக் கேட்டுக் கேட்டுப் பாடமான கால். சுரம் எது, மூச்சு எது என்று அதற்குப் பிரித்துச் சொல்லித் தரவில்லை போலும் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த இடம் வரும்போதெல்லாம் அண்ணியின் முதுகு கொஞ்சம் நிமிரும். பஸ் நிற்கும் இடத்தில் நாம் எழுந்து நிற்பதுபோல. பல் டாக்டரும் அதற்குப்பின் ஒன்றும் சொல்லவில்லை. பிடுங்க வேண்டிய பல் எது, விட்டுவைக்க வேண்டியது எது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அண்ணன் ஒரு சனிக்கிழமை வந்து இறங்கினான். வயிறு குறைந்து, முகம் தெளிந்து, மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினான். அம்மா கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். அண்ணி அவன் கழற்றிவிட்ட பூட்ஸை எடுத்து ஓரமாக வைத்தார். வைத்தவர், உள்ளே கையை விட்டு, குதிகால் எங்கே தேய்ந்திருக்கிறது என்று தடவிப் பார்த்தார்.

"என்ன பாக்கிற?"

"நடை மாறியிருக்கு உங்களுக்கு."

"கப்பல்ல ஆடிக்கிட்டே நடக்கணும். அதான்."

ஞாயிறு அவன் தன் பழைய இடத்தில் வந்து நின்றான். பின்வரிசையிலிருந்து எனக்கு இரண்டு பேரும் தெரிந்தார்கள்: இவனுடைய பிடரியும், அங்கே ஜோடி சேராத இரண்டு கறுப்பு ஷூக்களும். கடைசிப் பாட்டு தொடங்கியது. ஆர்கனின் அடிச்சுரம் கேட்டதும் அண்ணன் வாயைத் திறந்தவன் பாடாமல் அப்படியே நின்றுவிட்டான். பெஞ்சுக்கு அடியில் பார்த்தான். பிறகு பாடினான், நான் கேட்டதிலேயே உரக்க. கால்களும் குரலும் ஒன்றாகப் போயின. அண்ணியின் கழுத்து சிவந்திருந்தது.

மூன்றாவது வரி. அண்ணி காலைத் தூக்கினார். நாங்கள் மூச்சு எடுத்தோம். அண்ணன் எடுக்கவில்லை. புது நெஞ்சு, அவனுக்கு அங்கே மூச்சு வேண்டியிருக்கவில்லை. கீழே ஒன்றுமில்லாமல் அவன் குரல் மட்டும் தனியாகப் போனது. படி இருக்கிறது என்று நம்பிக் காலை வைத்தவன் மாதிரி ஒரு தடுமாற்றம். அண்ணியின் வலது கால் அந்தரத்தில் இருந்தது.

இரண்டாவது சரணத்தில் அதே இடத்தில் அண்ணி காலைத் தூக்கவில்லை. அவனுக்காக அழுத்திப் பிடித்தார். அண்ணனோ, அண்ணிக்காக, வேண்டாத ஒரு மூச்சை எடுத்தான். கடைசிச் சரணத்தில் இருவருமே தயங்கினார்கள். போனில் நடப்பதேதான். பெண்கள் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பல் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார்.

மதியச் சாப்பாட்டில் அண்ணன் தட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"எப்போ கத்துக்கிட்ட?"

"நீங்க போனதுக்கப்புறம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை." பிறகு, சிரித்து மழுப்பி, "ஆனா என்ன, நடுவுல என்னைத் தனியா விட்டுட்டியே?"

"நீங்க நிப்பீங்கன்னு நெனச்சேன்."

"சிகரெட்டை விட்டாச்சே. நீதானே விடச் சொன்ன."

"நான்தான் சொன்னேன்" என்றார் அண்ணி. மறுசோறு வைத்தார். "நல்லதுதான்."

"இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்கு. சரி பண்ணிடலாம்" என்றான் அண்ணன்.

ஆனால் அடுத்த ஞாயிறு சொந்தக்காரர் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கடுத்த ஞாயிறுக்கு முன்பே கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. கிளம்பும் காலையில் அண்ணி கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, அவன் பூட்ஸின் தேய்ந்த குதியைப் புதிதாக மாற்றி வாங்கி வந்திருந்தார். அவன் மாட்டியதும் முட்டி போட்டு, கடையில் செய்வதுபோல, பெருவிரல் பக்கத்தை அழுத்திப் பார்த்தார்.

"சரியா இருக்கா?"

"இருக்கு. எந்திரி."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தார்.

மறுநாளிலிருந்து அடுக்களைத் தரையில் சாக்கட்டிக் கோடுகள் திரும்பவும் வந்தன. அம்மா மிதிக்காமல் சுற்றிப் போனார். அண்ணியின் காதில் இயர்போன் இல்லை. இந்தமுறை பதிவு எதுவும் கிடையாது, அண்ணன் மூச்சு எடுக்காமல் பாடியதை ஒரு ஞாயிறு கேட்டது மட்டும்தான். மதியங்களில் கோவிலுக்கும் ஓடினார். நான் டப்பாவைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அதே பாட்டு, அதே மூன்றாவது வரி, திரும்பத் திரும்ப.

அந்த ஞாயிறு அண்ணன் நின்ற இடம் காலியாக இருந்தது. பாட்டு தொடங்கி, அந்த வரிக்கு வந்தோம். நடுவில், பழக்கதோஷத்தில், நாங்கள் அத்தனை பேரும் நிறுத்தி மூச்சு எடுத்தோம்.

அண்ணி காலைத் தூக்கவில்லை. எல்லோரும் ஓய்ந்த அந்த ஒரு மூச்சு நேரம், கோவில் முழுக்க அந்தத் தாழ்ந்த சுரம் மட்டும் தனியாக நின்றது. பலகைத் தளம் அதிர்ந்தது. பல் டாக்டர் உயர்த்திய கையை இறக்காமல் பெஞ்சின் பக்கம் திரும்பினார். அண்ணி தன் காலைப் பார்க்கவில்லை.